எந்த மேசையில் அமர்வது?

போக்கர் ஆட்டத்தின் மிகப் பெரிய முடிவு, சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எப்போது பந்தயத்தை உயர்த்துவது, எப்போது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவது என்பவையெல்லாம் அதற்குப் பின் வருபவை. யாருக்கு எதிரே அமர்வது என்பதே முதல் முடிவு. உலகின் ஆறாவது சிறந்த ஆட்டக்காரர், தம்மைவிடச் சிறந்த ஐவர் இருக்கும் மேசையைத் தேர்ந்தெடுத்தால், நீண்ட காலத்தில் அங்கே பணத்தை இழப்பவர் அவரே. தம்மைவிட எளிய ஐவரோடு அமரும் ஒரு சராசரி ஆட்டக்காரரோ நீண்ட காலத்தில் வென்று எழுவார். போக்கரில் திறமைக்கென்று தனி விலை கிடையாது. எதிராளியின் திறமையைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்கே விலை.

கொல்கத்தாவில் புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் தமிழ் மாணவன் ஒருவனுக்கு, இந்தக் கேள்வி 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அழைப்பின் வடிவில் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக, விடுதியின் மாடி அறையில், சனிக்கிழமை இரவுகளில் ஆறு பேர் கூடும் மேசை ஒன்றில் அவன் ஆடிவந்தான். நுழைவுத் தொகை 500 ரூபாய். சீட்டுப் பகிரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகைகள் 5 ரூபாயும் 10 ரூபாயும். அவற்றுள் பெரியதை 'பிக் பிளைண்ட்' என்பார்கள். ஆட்டக்காரர்களின் கணக்குகள் எல்லாம் அந்த அலகிலேயே நடக்கும். தொழில்முறைப் பழக்கத்தால் அவன் ஒவ்வோர் இரவின் வரவுசெலவையும் குறித்து வைத்திருந்தான். விடுமுறைகள் போக 80 சனிக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 100 கைகள். நிகர வரவு 20,000 ரூபாய்.

அழைப்பு சால்ட் லேக் பகுதியிலுள்ள ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்தது. அங்கே நுழைவுத் தொகை 10,000 ரூபாய். கட்டாயத் தொகைகள் 50, 100. மேசையில் வழக்கமாக அமர்பவர்களுள் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகப் போட்டிகளில் பிரிட்ஜ் ஆடிவரும் முதியவர். இன்னொருவர் இணையப் போக்கரைத் தொழிலாகவே கொண்டிருந்த இளைஞர். மற்றவர்களும் அவனைவிட அனுபவசாலிகள். வீட்டுக்காரர் பந்தயத் தொகையில் கழிவு எதுவும் எடுப்பதில்லை. தேநீருக்கும் இரவு உணவுக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

கொல்கத்தாவில் சீட்டாட்டம் வெட்கத்துக்குரிய செயலாக எல்லோராலும் பார்க்கப்படுவதில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் இணை பிரிட்ஜில் தங்கம் வென்ற பிரணாப் பர்தன், சிப்நாத் டே சர்க்கார் இருவரும் இந்த நகரத்துக்காரர்கள். அப்போது ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. சூதாட்டத்தைத் தடைசெய்யும் மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டமே, பிரிட்ஜ், ரம்மி முதலிய சீட்டாட்டங்களோடு போக்கரையும் பெயர் சொல்லித் தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. 2017இல் குஜராத் உயர்நீதிமன்றம் இதே போக்கரைச் சூதாட்டம் என்று தீர்ப்பளித்தது. ஒரே நாட்டில், ஒரே சீட்டுக்கட்டு, மாநில எல்லையைத் தாண்டும்போது திறமையிலிருந்து சூதாக மாறிவிடுகிறது.

இணைய ஆட்டத்துக்கோ அந்த வேறுபாடும் இப்போது இல்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நடுவண் அரசின் இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை, அவை திறமையைச் சார்ந்தவையா அதிர்ஷ்டத்தைச் சார்ந்தவையா என்று பாராமல், முழுவதுமாகத் தடைசெய்தது. நிறுவனங்கள் தம் மேசைகளை மூடின. அந்த இளைஞரின் தொழிலும் அதோடு முடிந்தது. அதுவரை எதிராளி என்பவர் திரையில் தெரியும் ஒரு புனைபெயர் மட்டுமே. பலவீனமான பெயர்களைத் தேடி மேசை மேசையாகத் தாவுவது அங்கே அன்றாட வேலை. இனி ஆட வேண்டுமானால் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். எதிராளிக்கு முகம் இருக்கும்.

போவதா வேண்டாமா என்ற கேள்வி அவனைப் பல நாட்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. அவன் வாழ்க்கையின் இரண்டு பாடங்கள் அங்கே நேருக்கு நேர் மோதின. ஆய்வுலகம் அவனுக்குக் கற்பித்தது, உன்னைவிட வல்லவர்கள் இருக்கும் அறையைத் தேடிப் போ என்பது. கருத்தரங்கில் கட்டுரை படித்தால், அதைக் கிழித்துத் தோரணம் கட்டக்கூடியவர்கள் முன் வரிசையில் இருக்க வேண்டும் என்று நெறியாளர் வற்புறுத்துவார். கைதட்டல் மட்டுமே கிடைக்கும் அரங்கிலிருந்து ஓர் ஆய்வாளன் எதையும் எடுத்துக்கொண்டு திரும்புவதில்லை. போக்கர் கற்பித்தது இதற்கு நேர் எதிரானது: நீயே வல்லவனாக இருக்கும் மேசையைத் தேடிப் போ, அப்படியொன்று இல்லையென்றால் எழுந்து வீட்டுக்குப் போ.

சதுரங்கத்தில் இந்த முரண்பாடு இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. எலோ தரவரிசையில் 400 புள்ளிகள் மேலே இருப்பவருக்கு எதிராகப் பத்து ஆட்டங்கள் ஆடினால், எதிர்பார்க்கக்கூடியது ஏறத்தாழ ஒரு புள்ளி. தோல்வி உடனே தெரியும்; எந்தக் காய் நகர்த்தலில் பிழை என்பதும் அன்றிரவே தெரிந்துவிடும். இழப்பது தரவரிசைப் புள்ளிகளை. போக்கரில் எளியவர் அடிக்கடி வெல்வார். கையில் இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், இரண்டு ராஜாக்களை வைத்திருப்பவருக்கு எதிராக முழுப் பணத்தையும் வைத்தால், நூற்றில் சுமார் 82 முறையே வெல்வார். மீதி முறைகளில் பணம் மறுபக்கம் போகும். இந்த மீதிதான் எளிய ஆட்டக்காரரை அடுத்த சனிக்கிழமையும் வரவழைக்கிறது. தன் பலவீனம் தனக்குத் தெரியாதபடி அதிர்ஷ்டம் அவரைக் காக்கிறது. வல்லவரின் வருமானம் அந்தக் காப்பிலிருந்தே வருகிறது.

அவன் முதலில் தனக்குத் தெரிந்த வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தான். டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் 100 கைகளுக்கான திட்டவிலக்கம் 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருப்பது வழக்கம். 100 என்றே கொள்ளலாம். விடுதி மேசையில் அவன் ஆடியவை 8,000 கைகள். வென்றது 2,000 பிக் பிளைண்ட். அதாவது 100 கைகளுக்கு 25. அதன் திட்டப்பிழை ஏறத்தாழ 11. எனவே அந்த வெற்றியை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அங்கே அவன் உண்மையிலேயே வலியவன்.

சால்ட் லேக் மேசையில் நிலைமை வேறு. அங்கே அவனுக்கு ஒரு மேன்மை இருந்தாலும், அல்லது ஒரு தாழ்வு இருந்தாலும், அது 100 கைகளுக்கு 5 பிக் பிளைண்டைத் தாண்டாது என்று வைத்துக்கொண்டான். அந்த 5 என்பது கூட்டலா கழித்தலா என்று நம்பிக்கையோடு சொல்ல, திட்டப்பிழை அதில் பாதியாகக் குறைய வேண்டும். அதற்கு 1,60,000 கைகள் தேவை. வாரத்துக்கு 100 கைகள் என்றால் 1,600 வாரங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வேலை தேடி, பணி ஓய்வை நெருங்கும் வயதில்தான், அந்த மேசையில் அமர்ந்தது சரியா தவறா என்று அவனுடைய கணக்கேடு சொல்லும். வல்லவர்களோடு ஆடும்போது வெற்றியும் தோல்வியும் எதையும் கற்பிப்பதில்லை; அவை வெறும் இரைச்சல். கற்க வேண்டுமானால் பணத்தின் கணக்கைப் பார்க்கக்கூடாது, எடுத்த முடிவுகளின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் அந்தக் கணக்கு நின்றது.

வல்லவர்களைத் தேடிப் போனவர்களின் வரலாறு போக்கர் உலகில் சிறியதல்ல. டல்லாஸ் நகர வங்கியாளர் ஆண்டி பீல், 2001 முதல் 2006 வரை லாஸ் வேகாஸுக்குப் பலமுறை சென்று, உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தனித்தனியாக எதிர்கொண்டார். ஆட்டத்தில் அவர்கள் வல்லவர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பந்தயத் தொகையை அவர்கள் மூச்சுத்திணறும் உயரத்துக்கு ஏற்றினார். டாயில் பிரன்சன், ஜெனிஃபர் ஹார்மன் முதலியோர் தம் பணத்தை ஒன்றாகத் திரட்டி ஒரு குழுவாக நின்றே அவருக்கு ஈடுகொடுக்க முடிந்தது. சில நாட்களில் பீல் பெருந்தொகைகளை வென்றார். 2006 பிப்ரவரியில் ஃபில் ஐவி மூன்று நாட்களில் அவரிடமிருந்து 1.6 கோடி டாலருக்கு மேல் வென்றதோடு அந்தத் தொடர் முடிந்தது. பீலுக்கு அது பெருந்தொகை. ஆயினும் வாழ்வைக் குலைக்கும் தொகையன்று. வித்தையில் குறைவை அவர் பொருளால் ஈடுசெய்ய முயன்றார்.

பொருள்வலி இல்லாமல் அதே பாதையில் போனவர் ஸ்வீடனின் விக்டர் பிளோம். 2009இல், 19 வயதில், இணையத்தில் எந்த எதிராளியையும் மறுக்காமல் ஆடி, சில வாரங்களில் பல லட்சம் டாலர்களைக் குவித்தார். அந்த டிசம்பரில், பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்பவரிடம் ஒரே அமர்வில் 40 லட்சம் டாலருக்கு மேல் இழந்தார். யாரையும் மறுக்காத குணமே அவரை ஏற்றிவிட்டது; அதே குணமே இறக்கியும் விட்டது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராடஸ் என்ற கணினி நிரலை எதிர்த்து 20 நாட்களில் 1,20,000 கைகள் ஆடினர். நால்வரும் தோற்றனர், இயந்திரம் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட சில்லுகளை வென்றது. அந்தச் சில்லுகளுக்குப் பண மதிப்பு இல்லை. மாறாக, 2,00,000 டாலர் பரிசுத் தொகை அந்த நால்வருக்கும் அவரவர் ஆட்டத்துக்கேற்பப் பகிர்ந்தளிக்கப்பட்டது. உலகின் மிக வலிய எதிராளியிடம் கற்பதற்கு அவர்கள் கட்டணம் கட்டவில்லை; ஊதியம் பெற்றனர்.

இந்தக் கேள்வி நம்முடைய கதைகளுக்கும் புதிதல்ல. பாரதத்தின் சபா பருவத்தில், சூதுக்கு அழைக்க விதுரர் வரும்போது, தருமன் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, அங்கே ஆட வந்திருப்பவர்கள் யார் என்பது. விதுரர் சகுனியைத் தொடங்கி விவிம்சதி, சித்திரசேனன் என்று பெயர்களை அடுக்குகிறார். வந்திருப்பவர்கள் வஞ்சனையில் தேர்ந்தவர்கள் என்று தருமனுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும், அழைத்தால் மறுப்பதில்லை என்ற விரதத்தைச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறான். அவையில் இன்னொன்றும் நடக்கிறது: பந்தயப் பொருள் துரியோதனனுடையது, உருட்டும் கை சகுனியுடையது. ஒருவருக்காக மற்றொருவர் ஆடுவது முறையன்று என்று தருமனே சுட்டிக்காட்டுகிறான். சுட்டிக்காட்டிவிட்டு ஆடவும் செய்கிறான். சூதைப் பற்றி அறியாமல் தோற்றவனாகத் தருமனைப் பேசுவது அவ்வளவு பொருத்தமில்லை. எதிரே இருப்பவர் யார் என்று கேட்டான், சரியான விடையையும் பெற்றான். எழுந்துபோவதற்கு மட்டும் அவனுக்கு வழியில்லாமல் போயிற்று.

வனவாசத்தில் பிருகதசுவ முனிவர் அவனுக்கு நளன் கதையைச் சொல்கிறார். புள்ளியியல் படிப்பவர்களுக்கு அதில் விருப்பமான ஒரு கட்டம் உண்டு. இருதுபன்னன் தேரில் போகும்போது ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இலைகளும் கனிகளும் எத்தனை என்று கணித்துச் சொல்கிறான். தேரோட்டியாக மறைந்து வாழும் நளன் தேரை நிறுத்தி, மரத்தை வீழ்த்தி, கனிகளை எண்ணிப் பார்க்கிறான், கணக்குப் பொருந்துகிறது. மாதிரிக்கூறெடுப்பைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாக இதைச் சுட்டுபவர்கள் உண்டு. அந்தத் தான்றியின் கொட்டைகளே பழங்காலச் சூதுக் காய்கள். பிறகு இருதுபன்னன் சூதின் உட்பொருளை நளனுக்குத் தருகிறான். அதற்கு ஈடு, நளன் அறிந்த குதிரை வித்தை. வல்லவனிடம் கற்க நளன் அவனோடு பந்தயம் வைத்து ஆடவில்லை. ஒருவன் ஒன்றில் வல்லவன், மற்றவன் வேறொன்றில் வல்லவன். இருவரும் எதையும் இழக்கவில்லை.

கதையைச் சொல்லி முடித்த முனிவர் அதே வித்தையைத் தருமனுக்கும் தருகிறார். அதன் பிறகு தருமன் எங்கே ஆடுகிறான்? விராடனின் அவையில், கங்கன் என்ற பெயரில். இப்போது மேசையில் வல்லவன் அவனே. வென்ற பொருளை அரசன் அறியாமல் தம்பியருக்குப் பகிர்ந்தளிக்கிறான் என்று பாரதம் சொல்கிறது. அடைக்கலம் தந்தவனிடமிருந்தே வென்ற பொருள் அது. காவியம் அதைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கடந்துபோகிறது. படிப்பவர் கடந்துபோவது அவ்வளவு எளிதன்று.

திருக்குறளில் சூதுக்கு ஓர் அதிகாரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், 94ஆவது. வென்றாலும் வேண்டாம் என்பதே அதன் தொடக்கம். இந்தக் கேள்விக்கு அதைவிட நெருக்கமானது 48ஆவது அதிகாரமான வலியறிதல். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை ஆகியவற்றை எடைபோடுவதில் தொடங்கும் அந்த அதிகாரம், முடியும்போது போர்க்களத்தில் இல்லை. அதன் கடைசி நான்கு குறள்களும் பொருளின் அளவைப் பற்றியவை: வருவாய்க்கேற்ற கொடை, வரவைவிடப் பெருகாத செலவு, அளவறிந்து வாழ்தல். எதிரியின் வலியை அளப்பதற்கும் தன் பணப்பையை அளப்பதற்கும் ஒரே அதிகாரம். போக்கர் ஆட்டக்காரர்கள், கையிருப்பில் ஒரு சிறு பங்குக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோகாதே என்று புதியவர்களுக்குச் சொல்வது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

அவனுடைய பணப்பையின் அளவு அவனுக்குத் தெரியும். 2023 ஜனவரி முதல் முதுநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய். வீட்டுக்கு அனுப்புவது போக, உணவு, புத்தகம், ஊருக்குப் போகும் ரயில் கட்டணம் எல்லாம் போக, சேமிப்பில் 90,000 ரூபாய் இருந்தது. 10,000 ரூபாய் நுழைவுத் தொகைக்கு அது ஒன்பது முறை. மோசமான ஒரு மாதம் அதைத் துடைத்துவிடப் போதும்.

விடுதி மேசையில் இழப்பவர்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவன் புருலியா மாவட்டத்திலிருந்து வந்திருந்த முதுகலை முதலாண்டு மாணவன். கொல்கத்தா வழக்கப்படி மூத்த மாணவனை 'தாதா' என்று அழைப்பான். வங்காளத்தில் அது அண்ணன். எல்லாக் கைகளையும் ஆடுவான். ஒதுங்குவது கோழைத்தனம் என்று நினைப்பான். ப்ளஃப் செய்து பிடிபடும்போது எல்லோரையும்விட அவனே அதிகம் சிரிப்பான். ஒரு பருவத்துக்குள் 7,500 ரூபாய் இழந்திருந்தான். தாதாவின் கணக்கேட்டில் அது வரவுப் பத்தியில் சிதறிக் கிடந்தது. யாரிடமிருந்து வந்தது என்ற பத்தி அந்தக் கணக்கேட்டில் இல்லை.

ஒரு சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு, மூன்றாவது முறை சில்லுகள் தீர்ந்தபோது, அந்த இளையவன் தயங்கிக் கேட்டான். "தாதா, இன்னும் 500 மட்டும் கொடுங்கள். மெஸ்ஸுக்குக் கட்ட வைத்திருந்ததை இறக்கிவிட்டேன். திங்கட்கிழமை அப்பா அனுப்பிவிடுவார்."

கொடுத்தால் அது தன்னிடமே திரும்பி வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். 100 கைகளுக்கு 25 பிக் பிளைண்ட் வேகத்தில். தூக்கம் வருகிறது, இன்று போதும் என்று சொல்லி எழுந்தான். மற்றவர்களும் எழுந்தார்கள். மறுநாள் காலை இளையவனின் அந்த மாத மெஸ் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தான். தன் நிகர வரவிலிருந்து அதைக் கழித்து எழுதியபோது, இரண்டு மேசைகளையும் எதிரெதிரே வைத்து இதுவரை கேட்டுவந்த கேள்வியின் வடிவம் சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியது. வல்லவரோடு ஆடலாமா, எளியவரோடு ஆடலாமா என்பதற்கு முன்னால், இந்தக் கற்றலுக்கு, இந்த வருமானத்துக்கு, யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

கருத்தரங்குக்கும் சீட்டு மேசைக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. கருத்தரங்கில் எளியவர் வல்லவரிடம் தோற்றால், எளியவர் வளர்கிறார். வல்லவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. சீட்டு மேசையில் ஒருவரின் வரவு இன்னொருவரின் செலவு. நடுவே கழிவு எடுப்பவர் இருந்தால், எல்லோரின் வரவையும் கூட்டினாலும் கழித்தலே மிஞ்சும். வல்லவர்களோடு அமர்கிறவர் கட்டணத்தைத் தானே கட்டுகிறார். எளியவர்களோடு அமர்கிறவருக்காக வேறொருவர் கட்டுகிறார். அவர் பல நேரங்களில், தான் கட்டுவது இன்னதென்று தெரியாதவர்.

அவன் எடுத்த முடிவு பெரிய தியாகமும் அல்ல, பெரிய துணிச்சலும் அல்ல. சால்ட் லேக் மேசைக்கு மூன்று முறை மட்டும் போவது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நுழைவுத் தொகை. 30,000 ரூபாயை முன்கூட்டியே கல்விக் கட்டணமாக எழுதி முடித்துவிடுவது. அது தீர்ந்தாலும் பெருகினாலும் நான்காம் முறை இல்லை. திரும்பி வந்ததும் பணக் கணக்குக்குப் பதிலாக, ஐயம் எழுந்த கைகளை மட்டும் குறித்துவைப்பது. அழைத்தவரிடம் இதை வெளிப்படையாகவே சொன்னான். பிரிட்ஜ் முதியவர், முப்பது வயதில் தமக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லையே என்றார்.

முதல் இரவில் முழுத் தொகையும் போயிற்று. இரண்டாம் இரவில் பாதி போயிற்று. மூன்றாம் இரவில் 6,000 ரூபாய் வென்றான். மொத்தத்தில் 9,000 ரூபாய் இழப்பு. புள்ளியியல்படி அதற்குப் பொருள் எதுவும் இல்லை. குறிப்பேட்டில் பதினேழு கைகள் இருந்தன. அவற்றில் பதினொன்று ஒரே வகை: கடைசிச் சீட்டு விழுந்த பிறகு, எதிராளி பெரிய பந்தயம் வைக்கும்போது, ஒதுங்க வேண்டிய இடத்தில் பொறுக்க முடியாமல் ஈடுவைத்துப் பார்த்தது. விடுதி மேசையில் இந்தப் பழக்கம் லாபம் தந்தது, ஏனெனில் அங்கே பாதிப் பந்தயங்கள் பொய். அங்கே எத்தனை ஆண்டுகள் ஆடியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

அந்தப் பதினேழு கைகளை இணைய ஆட்டக்கார இளைஞரிடம் காட்டியபோது, அவர் தம் பங்குக்கு ஒன்று கேட்டார். தொழில் போன பிறகு தரவுப் பகுப்பாய்வு வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். நேர்காணல்களில் பகுப்பாய்வுக் கோட்பாட்டில் தடுமாறினார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் கல்லூரித் தெருவிலுள்ள காபி ஹவுஸில் சந்திக்கிறார்கள். ஒரு மணி நேரம் சீட்டு, ஒரு மணி நேரம் புள்ளியியல். பணம் கைமாறுவது காபிக்கு மட்டும்.

விடுதி மேசையைப் பணமில்லாத மேசையாக்கலாம் என்று அவன் சொன்னபோது, மறுப்பு வரவில்லை; ஆர்வமும் வரவில்லை. பணமில்லாத ப்ளஃபுக்கு யார் அஞ்சுவார்கள்? நான்கு வாரங்களில் மேசை கலைந்தது. இருவர் வீடியோ ஆட்டங்களுக்குப் போனார்கள். இளையவன் வேறு விடுதி ஒன்றில் நடக்கும் மேசைக்குப் போகத் தொடங்கினான் என்று கேள்விப்பட்டபோது, தான் எழுந்த நாற்காலியில் வேறு யாரோ அமர்ந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் அந்த முடிவு மாற்றவில்லையோ என்ற ஐயம் அவனுக்கு எழுந்தது. அந்த ஐயத்துக்கு எளிய பதில் இல்லை. எழுந்துபோகும் ஒவ்வொரு நாற்காலிக்கும் இன்னொருவர் காத்திருக்கிறார் என்பது உண்மை. அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டே அங்கே அமர்ந்திருப்பது வசதியானது என்பதும் உண்மை.

அவன் செய்யக்கூடியதாக மிஞ்சியது ஒன்றுதான். இளையவனை அழைத்து, அவன் ஆடிய 80 கைகளை நினைவிலிருந்து எழுதச் சொல்லி, எந்தெந்தக் கைகளை முதலிலேயே கவிழ்த்திருக்க வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து காட்டினான். ஐம்பதுக்கும் மேல் தேறின. இளையவன் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இதையெல்லாம் முன்பே ஏன் சொல்லவில்லை, தாதா, என்று கேட்டான். கோபமில்லாமல் கேட்டான்.

அந்த மேசையில் இன்று யார் யார் அமர்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போ, அந்தப் பெயர்களில் உன்னைவிட எளியவர் யாரும் இல்லையென்றால் போகாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினான். அதைச் சொல்லும்போதே, அப்படி ஒருவர் இருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அதைச் சொல்ல இன்னொரு மாலை தேவைப்படும்.